ஏசி இல்லாத வாசிப்பு மண்டபம்

பல்கலைக்கழகத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் உத்தியோகம், கலியாண வீட்டுப் பந்தியில் நின்று "கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்கிற வேலை. சாப்பிடுகிறவருக்கும் பிடிக்காது, சமைத்தவருக்கும் பிடிக்காது. உங்களை அங்கே நிறுத்திய வீட்டுக்காரரே கொஞ்ச நேரத்தில் உங்களைக் கண்டும் காணாதவர்போல நடப்பார். வீட்டில் குளியலறை விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போனவர் யாராவது இதை வாசித்தால், அவர் எனக்குச் சொந்தக்காரர். ஒரே ஒரு வித்தியாசம்தான். நீங்கள் சும்மா கத்துகிறீர்கள், எனக்கு அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறும் வீதியில், மலைச் சரிவில் இருக்கிறது எங்கள் வளாகம். சின்ன வளாகம்தான். என் பதவியின் பெயர் வலுசக்தி முகாமையாளர். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'ஓஃப் சேர்'. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பிள்ளைகள் வைத்ததே திறம் என்று படுகிறது. சுருக்கமாக இருக்கிறது, கடமையும் விளங்குகிறது.

பன்னிரண்டு வரி

வேலைக்கு வந்த புதிதில், ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலும் ஒட்டுவதற்கு ஓர் அறிவித்தல் எழுதினேன். 'வெளியேறும்போது விளக்கை அணைக்கவும்' என்று ஒற்றை வரியில் எழுத மனம் வரவில்லை. ஏன் அணைக்க வேண்டும் என்று தெரியாதவர் எப்படி அணைப்பார்? ஆகவே நீர்த்தேக்கத்தில் தொடங்கி, அனல் மின் நிலையத்தைத் தொட்டு, ஒரு குழல் விளக்கு ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு விழுங்குகிறது என்பது வரைக்கும் பன்னிரண்டு வரி எழுதினேன். மூன்று மொழியில் முப்பத்தாறு வரி. விளக்கை அணைக்கும் விஷயம் கடைசி வரியில்தான் வரும். கட்டுரை என்றால் முடிவுரை கடைசியில்தானே?

ஒரு வாரம் கழித்து, காலியாகக் கிடந்த வகுப்பறை ஒன்றில் முதலாம் வருட மாணவி ஒருத்தி அறிவித்தலுக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேல் ஆறு விளக்குகள் எரிந்தன. வகுப்புத்தான் முடிந்துவிட்டதே, அணைத்துவிட்டுப் போகலாமே என்றேன். "வாசிச்சு முடிக்கிற வரைக்கும் லைட் வேணுமே சேர்" என்றாள்.

அளவையியல் வகுப்பு

அறிவித்தல்களைக் கழற்றிவிட்டு அடுத்ததாகக் கருவிகளை நம்பினேன். ஆள் அசைந்தால் விளக்கு எரியும். பத்து நிமிடம் எந்த அசைவும் இல்லாவிட்டால் தானாக அணையும். விரிவுரை மண்டபங்களில் இதைப் பொருத்தினோம். எல்லா மண்டபத்திலும் ஒழுங்காக வேலை செய்தது, ஒன்றைத் தவிர. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும், தர்க்கம் படிப்பிக்கிற அளவையியல் விரிவுரையில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே விளக்குகள் அணைந்தன. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

ஏணி வைத்து ஏறிக் கருவியைச் சோதித்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. அந்த விரிவுரையாளர் கதிரையை விட்டு எழும்பாமல் குறிப்பிலிருந்து வாசிப்பவர். எதிரே சோறு உண்ட எழுபது பேர். இதை அவரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று நான் ஏணியிலேயே நின்று யோசித்துக்கொண்டிருக்க, அவரே கீழே வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "எடுகூற்று ஒன்று: அசைவு இருந்தால் விளக்கு எரியும். எடுகூற்று இரண்டு: என் வகுப்பில் விளக்கு எரியவில்லை. முடிவை நான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் அறிக்கையில் எழுத வேண்டாம்."

ஒரு வெயில் காலம்

இதெல்லாம் சில்லறைச் சங்கடங்கள். என்னை உண்மையாகவே தூங்கவிடாமல் செய்தது வாசிப்பு மண்டபம்.

வளாகத்தில் புதிதாக ஒரு வாசிப்பு மண்டபம் கட்ட முடிவானபோது, முதல் வரைபடத்தில் அது நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு பெட்டி. உள்ளே எட்டு ஏசி. மலையிலிருந்து காற்று தானாக இறங்கி வருகிற இடத்தில், அந்தக் காற்றை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே மின்சாரத்தால் காற்றுச் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை. கட்டடக் குழுவில் மாதக்கணக்காகச் சண்டை பிடித்தேன். கண்ணாடிக்குப் பதிலாகத் தடித்த சுவர், முற்றத்துப் பக்கம் நிலத்தை ஒட்டி ஓட்டைச் செங்கல் வரிசை, கூரைக்குக் கீழே பன்னிரண்டு சின்ன ஜன்னல்கள். குளிர்ந்த காற்று கீழே நுழையும், சூடானது மேலே ஏறி வெளியே போகும். இரவு முழுவதும் மலைக்காற்று சுவரையும் தரையையும் கழுவிவிட்டுப் போனால், அந்தக் குளிர் மறுநாள் பின்னேரம் வரைக்கும் தாங்கும். இதைப் பதினெட்டுப் பக்கத்தில் விளக்கி, எங்கள் பீடத்தின் தலைவரான பீடாதிபதியிலிருந்து பதிவாளர் வரைக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன்.

எனக்குப் பதில் சொல்லிக் களைத்துத்தான் ஒப்புக்கொண்டார்களோ என்னவோ, மண்டபம் நான் கேட்டபடியே எழும்பியது. ஆனால் பீடாதிபதி நம்பவில்லை. கண்ணாடிக்கும் ஏசிக்கும் வாங்கிய விலைமனுவைக் கிழிக்காமல் மேசை லாச்சியில் வைத்திருந்தார். மண்டபம் திறந்த அன்று என்னை அருகில் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஒன்று சொன்னார். மொழிபெயர்ப்பு என்னுடையது; ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "ஒரு வெயில் காலம் தருகிறேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் நானே வந்து இதில் இருந்து பார்ப்பேன். எனக்கு வேர்த்தால் கண்ணாடி."

சுவெட்டர்

மண்டபத்தில் ஒரு முறைப்பாட்டுப் புத்தகமும் வைக்கச் சொன்னார் பீடாதிபதி. அதற்குப் பொறுப்பாக உதவிப் பதிவாளர் திருமதி குகநேசனைப் போட்டார்கள். ஊர் பருத்தித்துறை, மாத்தளைக்கு வந்து வெகுகாலம், ஓய்வு பெறக் கொஞ்ச நாள்தான் பாக்கி. யாருக்கும் சாயாத நேர்மையான மனுஷி. எனக்குப் பயமே அதுதான். அவருடைய மனம் காற்றின் பக்கமா, கண்ணாடியின் பக்கமா என்று நாடி பிடித்துப் பார்க்க அவர் அறைக்குப் போனேன்.

அறையில் ஏசி பதினாறில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டிய கம்பளிச் சுவெட்டரில் இருந்தார். ஏசியை இருபத்தாறில் வைத்தால் சுவெட்டர் தேவைப்படாதே என்று, மேற்கோள் எதுவும் காட்டாமல், என்னால் முடிந்த அளவு பணிவாகச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "தம்பி, இது லண்டனிலை இருக்கிற மகள் அனுப்பினது. மாத்தளையிலை இதைப் போடுறதுக்கு வேற எங்கை குளிர் இருக்கு, நீங்களே சொல்லுங்கோ."

நானா கேட்காத துஆ

கன்டீன் நடத்துகிற ஃபலீல் நானா (இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மாத்தளை டவுன்காரர். வளாகத்தில் என் பேச்சைக் கேட்டுப் பயன் கண்ட ஒரே மனிதர் அவர்தான். அவருடைய குளிர்பானப் பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. அடுப்பு பெட்டியைச் சுட, பெட்டியின் முதுகு அடுப்பங்கரையைச் சுட, நடுவில் நானா வெந்துகொண்டே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை எட்டடி தள்ளி வைத்தோம். பெட்டியின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அன்றைக்கு எனக்குத் தந்த பிளேன்டீக்கு நானா சீனியைக்கூட அளக்கவில்லை.

அந்த நன்றி வாசிப்பு மண்டபம் வரைக்கும் நீளவில்லை. மண்டபம் கன்டீனுக்கு நேர் எதிரே இருக்கிறது. மாசி மகத் தேர் முடிந்தால் மாத்தளையில் வெயில் ஏறும். அந்த வருஷமும் ஏறியது. மண்டபத்துக்குள் சூடு தாங்காத பிள்ளைகள் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு நேரே நானாவின் ஐஸ் கோப்பிக்கு வந்தார்கள். என் முகத்தைப் பார்த்து நானாவுக்குப் பாவமாகவும் இருந்தது, கல்லாவைப் பார்த்துச் சந்தோஷமாகவும் இருந்தது. "சேர், ஒங்கட ஹோல் சூடா இரிக்கணும்னு நான் அல்லாஹ்கிட்ட துஆ கேக்கல்ல. கேக்காமலும் இரிக்கல்ல" என்றார்.

முறைப்பாட்டுப் புத்தகம்

மண்டபம் குளிரவில்லை. இதை எழுதவே கை கூசுகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் ஈர வேட்டியை முகத்தில் போர்த்தியதுபோல இருந்தது. பதினெட்டுப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிக் கணக்குப் பார்த்தேன், எங்கும் பிழை இல்லை. கணக்கில் பிழை இல்லாமல் கட்டடத்தில் பிழை இருப்பது, படித்தவனுக்கு வருகிற வியாதிகளில் மோசமானது. திருமதி குகநேசன் கிழமைக்கொரு தடவை புத்தகத்தை எடுத்துவந்து என் மேசையில் திறந்து வைத்துவிட்டுப் போவார். 'வேர்க்கிறது.' 'மிகவும் வேர்க்கிறது.' 'பக்கங்கள் கையில் ஒட்டுகின்றன.' ஒருவர் ஒன்றும் எழுதாமல் ஒரு ஏசியின் படத்தை, நிழல் எல்லாம் போட்டு, அழகாக வரைந்திருந்தார்.

ஒரே ஒரு முறைப்பாடு மட்டும் எனக்கு ஆறுதல் தந்தது. அதைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்: "எனது ஊர் கலேவெல. எங்கள் ஊர் வெயிலோடு பார்த்தால் இது வெயிலே இல்லை. ஆனாலும் நண்பர்கள் எழுதச் சொன்னபடியால் எழுதுகிறேன், வேர்க்கிறது."

காலை ஆறரை

பீடாதிபதி குறித்துக் கொடுத்த நாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு நாள் காலை ஆறரைக்கு வெப்பமானியோடு வளாகத்துக்குப் போனேன். வெளியே புல்லில் பனி, மலையில் முகில். காவலாளியிடம் சாவி வாங்கி மண்டபக் கதவைத் திறந்தால், பேக்கரி அடுப்பைத் திறந்ததுபோல முதல் நாள் வெயில் முழுவதும் அப்படியே என் முகத்தில் வந்து விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரைக்குக் கீழே பன்னிரண்டு ஜன்னல்களும் இறுக்கி மூடியிருந்தன. போத்தலுக்கு மூடி போட்டுவிட்டு, உள்ளே காற்று ஏன் ஓடவில்லை என்று இத்தனை நாளும் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்வது செல்வராணி. எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர், நாற்பது வயதைத் தாண்டியவர், மண்டபத்தின் ஒவ்வொரு கதிரைக் காலையும் அறிந்தவர். அவர் வந்ததும், ராத்திரியில் மேல் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும் என்று அறிக்கையில் ஏழாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறதே என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அந்த அறிக்கைய யாருக்கு சேர் குடுத்தீங்க? நாலு மணிக்குத் தொரட்டிய வச்சு ஒவ்வொண்ணா இழுத்துப் பூட்டுறது நானு."

பீடாதிபதிக்கு ஒன்று, பதிவாளருக்கு ஒன்று, குழு உறுப்பினர்களுக்கு ஆளுக்கொன்று. ஜன்னலைத் திறந்து மூடுகிறவரிடம் நான் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் நான் யாரையும் திருத்தவில்லை.

குரங்கும் விடைத்தாளும்

செல்வராணியிலும் பிழை இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு எல்லாக் கட்டடத்திலும் எல்லா ஜன்னலும் மூட வேண்டும் என்பது பாதுகாப்புப் பிரிவின் கட்டளை. மூடிய ஜன்னல்களை எண்ணி, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதி, ஒப்பம் வைத்த பிறகுதான் யாரும் வீட்டுக்குப் போகலாம். கட்டளைக்குக் காரணம் ஒரு குரங்கு. சில வருஷங்களுக்கு முன் அது திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு விரிவுரையாளரின் அறைக்குள் போய், திருத்தாத விடைத்தாள் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பலா மரத்தில் ஏறிவிட்டது. ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்து, திருப்தி இல்லாமல் கீழே போட்டது. திருத்துகிற வேகத்தில் சில பேராசிரியர்களைவிட அது மேல் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

மரத்தடியில் அன்று தாள் பொறுக்கிய மாணவர்களில் ஒருவன் சொன்னதை விரிவுரையாளர் இன்னும் மறக்கவில்லை. "சேர், என்னோட தாள் மட்டும் கிடைக்கல. பரவாயில்ல, தேட வேணாம்."

நல்ல கடிதம்

கட்டளையை மாற்றக் கேட்டுப் பாதுகாப்புப் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். வாசிப்பு மண்டபத்தின் பன்னிரண்டு மேல் ஜன்னல்களுக்கு மட்டும் விலக்கு, குரங்கு புகாமல் இரும்பு வலை அடித்துத் தருகிறேன் என்று. பழைய குணம் போகவில்லை. கடிதம் ஐந்து பக்கம் வந்துவிட்டது. பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்ற இராணுவக்காரர், மரியாதை தெரிந்தவர். என்னைக் கதிரையில் இருத்தி, ஐந்து பக்கத்தையும் எனக்கு முன்னாலேயே வாசித்தார். இதைக் குழுவில்தான் வைக்க வேண்டும், குழு கூடுவது புத்தாண்டுக்குப் பிறகு என்றார்.

புத்தாண்டுக்கு முன் பீடாதிபதி வருகிறார், பிறகு என்றால் கண்ணாடிதான் என்று கெஞ்சினேன். அவர் கடிதத்தை நாலாக மடித்து உறையில் வைத்தார். "இது நல்ல கடிதம். இவ்வளவு நல்ல கடிதத்துக்கு அவசரப்பட்டுப் பதில் எழுதினால் மரியாதை இல்லை."

குறைபாடு

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தேன். செல்வராணி மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை பக்க எண் எதுவும் சொல்லாமல், காற்று கீழே எப்படி நுழையும், மேலே எப்படிப் போகும், ராத்திரி ஏன் முக்கியம் என்று கையால் காட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "அட, எங்க லயத்து வீட்டுக் கூரைத் தகரத்த கொஞ்சம் தூக்கி விடுறோமே, அது மாதிரியா?" என்றார். பதினெட்டுப் பக்கமும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. பிறகு துரட்டியை எடுத்து மேல் ஜன்னல் ஒன்றை இழுத்து மூடிக் காட்டினார். பிணைச்சல் கீச்சென்றது. "இது ரிப்பேர்தானே சேர்?" என்றார்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். மேல் ஜன்னல்களின் கதவுகளைக் கழற்றித் திருத்த வேலைக்குத் தச்சுப் பிரிவுக்கு அனுப்பிவிட்டால், சட்டத்தில் வலை அடித்துவிடலாம். இல்லாத கதவை மூட யாராலும் முடியாது. பதிவேட்டில் 'மூடிய கீழ் ஜன்னல்கள் இருபத்துநாலு, திருத்த வேலையில் மேல் ஜன்னல்கள் பன்னிரண்டு' என்று எழுதலாம். ஒரு சொல்லும் பொய் இல்லை. திருத்த வேலைப் படிவத்தை நான் நிரப்பினேன். 'குறைபாடு' என்ற கட்டத்தில்தான் பேனா நின்றது, பொய் எழுதிப் பழக்கமில்லை. யோசித்து, 'மூடினால் காற்று வருவதில்லை' என்று எழுதினேன். பொருட்களஞ்சியத்தில் அதை வாசிக்காமலே முத்திரை குத்தினார்கள். கதவுகள் சீக்கிரம் திரும்பி வந்துவிடுமோ என்று மட்டும் எனக்குப் பயம். செல்வராணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்தக் கெம்பஸ்ல ரிப்பேருக்குப் போன சாமான் எது சேர் திரும்பி வந்திருக்கு?"

சரித்திரத்தில் முதல் தடவை

கதவுகள் போய், சட்டத்தில் வலை ஏறிய முதல் இரவுக்கே மண்டபம் மாறியது. மறுநாள் காலை கதவைத் திறந்தபோது தரை காலுக்குச் சில்லென்றிருந்தது. நாலைந்து நாளில் சுவரும் குளிர்ந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் புத்தகத்தைக் கவிழ்க்காமல் இருந்து வாசித்தார்கள். கன்டீனிலிருந்து நானா அடிக்கடி எட்டிப் பார்த்தார். முறைப்பாட்டுப் புத்தகத்தில் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. நான் வீட்டில் பாட்டெல்லாம் பாடினேன் என்று என் மனைவி சொல்கிறார்.

பீடாதிபதி வருவதற்கு முதல் நாள், தச்சுப் பிரிவிலிருந்து ஒரு கைவண்டி வந்தது. அதில் பன்னிரண்டு கதவுகள். புதுப் பிணைச்சல், எண்ணெய் போட்டு, ஒரு கீறல் இல்லாமல். வளாகச் சரித்திரத்தில் திருத்த வேலை மூன்று கிழமைக்குள் முடிந்தது இதுவே முதல் தடவை. புதிதாக வந்த தச்சர் ஒருவர், இந்த இடத்துப் பழக்கவழக்கம் இன்னும் தெரியாதவர். அவர் ஏணியைச் சாத்தினார். இன்று மாட்டினால் நாலு மணிக்கு மூட வேண்டும்; நாளை மத்தியானம் பீடாதிபதிக்கு நிச்சயம் வேர்க்கும். செல்வராணி வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு கதவையும் தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு எழும்பி, தச்சரிடம் சிங்களத்தில் ஒன்று சொல்லிவிட்டு, அதையே எனக்குத் தமிழில் சொன்னார்: "வேல அருமை சேர், கண்ணு படும். ஆனா பெயின்ட் அடிக்கலியே. பெயின்ட் செக்ஷன் வேற, அது தச்சு செக்ஷன் மாதிரி இல்ல, ரொம்பப் பழைய ஆளுங்க."

கைவண்டி பெயின்ட் பிரிவுக்குத் திரும்பியது.

பீடாதிபதி இருந்து பார்த்தார்

மறுநாள் அந்த வருஷத்திலேயே கடுமையான வெயில். பீடாதிபதி கோட்டும் டையுமாக ஒரு கூட்டத்திலிருந்து நேரே வந்தார், கையில் விலைமனு. பின்னால் முறைப்பாட்டுப் புத்தகத்தோடு திருமதி குகநேசன். மண்டபத்தில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். மூலையில் ஒரு சாய்வுக் கதிரையைத் தெரிந்தெடுத்து, விலைமனுவை மடியில் வைத்து, "யாரும் என்னோடு பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இருந்தார். கீழே செங்கல் ஓட்டைகள் வழியாக முற்றத்துக் காற்று வந்துகொண்டிருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று அவர் நெற்றியையே பார்த்தேன். பத்து நிமிடத்தில் அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. இருபதாவது நிமிடத்தில் மெல்லிய குறட்டை.

எழுப்புவதா விடுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எழுப்பினால் கோபம் வரலாம். விடவும் முடியாது, மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். திருமதி குகநேசன்தான் அடிமேல் அடி வைத்துப் போய், சுவெட்டர் இல்லாத கையோடு குனிந்து, அவருடைய வழுக்கையைக் கிட்டத்தில் பார்த்தார். நோயாளிக்குக் காய்ச்சல் பார்க்கிற நேர்ஸ் தோற்றுப்போவார். திரும்பி வந்து என் காதில் சொன்னார்: "தம்பி, கோட்டுப் போட்ட மனுசன். உச்சந்தலையிலை ஒரு துளி இல்லை. நான் புத்தகத்திலை எழுதப் போறன்."

முக்கால் மணித்தியாலம் கழித்து பீடாதிபதி தானாகவே விழித்தார். சுற்றிலும் பார்த்தார். பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் புத்தகத்துக்குள் குனிந்தார்கள். அவர் டையைச் சரி செய்து, விலைமனுவை எடுத்து நாலாகக் கிழித்து என் கையில் தந்தார், குப்பைக்கூடை எங்கே என்று கேட்கவில்லை. மேல் ஜன்னல்களுக்கு இனிக் கதவு வேண்டாம் என்று தானே பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதுவதாகச் சொன்னார். வாசல் வரைக்கும் போனவர், எதிரே கன்டீனில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு நின்றார். இதுவும் சிங்களம், இதுவும் சொல்லுக்குச் சொல்: "நல்ல காலம் நீங்கள் சுவர் வைத்துக் கட்டினீர்கள். கண்ணாடி என்றால் அத்தனை பேரும் என்னைப் பார்த்திருப்பார்கள்."

ஆகவே, விளக்கணைத்துக் களைத்த என் சொந்தக்காரர்களே, இந்த உத்தியோகத்தில் நான் செய்த ஆகப் பெரிய சாதனை எட்டு ஏசி வராமல் பார்த்துக்கொண்டதுதான். வராத பொருளை ஆண்டறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.